அதே இடம், அதே நேரம், மறுபடியும்

விண்வெளியிலிருந்து பூமியைப் பார்ப்பது என்றதும் பெரும்பாலானோர் நினைவுக்கு வருவது, 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 விண்கலத்தில் நிலவுக்குச் சென்றுகொண்டிருந்தவர்கள் எடுத்த முழு வட்டப் படம்தான். கருமையின் நடுவே நீலமும் வெண்மையுமாக நிற்கும் அந்தக் கோளம் ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்துபோனது. அதே ஆண்டு ஜூலை 23 அன்று, அந்த அளவுக்குப் பேசப்படாமல் இன்னொரு கலம் பூமியைச் சுற்றத் தொடங்கியிருந்தது. பிற்பாடு லேண்ட்சாட் 1 என்று பெயர் மாற்றப்பட்ட, அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசையில் முதலாவதான அந்தச் செயற்கைக்கோள் அனுப்பிய படங்களில் சொல்லிக்கொள்ளும்படியான அழகு ஏதுமில்லை. ஒவ்வொரு படப்புள்ளியும் தரையில் ஏறத்தாழ 80 மீட்டர் பரப்பை அடக்கியது. ஒரு வீட்டையோ தெருவையோ அதில் அடையாளம் காண முடியாது. ஆனால் அது 18 நாட்களுக்கு ஒருமுறை, உள்ளூர் நேரப்படி முற்பகலின் ஏறத்தாழ அதே பொழுதில், அதே இடத்தின் மேல் திரும்ப வந்து அதே நிலத்தை மறுபடியும் படமெடுத்தது. இந்தக் கட்டுரை அந்த மறுபடியும் என்பதைப் பற்றியது. பூமி மாறிக்கொண்டிருப்பதை மனிதர் கண்கூடாக அறிந்தது உயரத்தால் மட்டும் நிகழவில்லை, பழைய படங்களைச் சேர்த்து வைத்த பொறுமையால்தான் நிகழ்ந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லேண்ட்சாட் 1 செலுத்தப்பட்டபோது அதன் முதன்மைக் கருவியாகக் கருதப்பட்டது தொலைக்காட்சித் தொழில்நுட்பத்தை ஒட்டிய கேமராத் தொகுதி ஒன்று. அதன் பக்கத்தில் இரண்டாமிடத்தில் ஒரு வருடி பொருத்தப்பட்டிருந்தது. ஹியூஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வர்ஜீனியா நார்வுட் என்ற பொறியாளர் வடிவமைத்த அந்த வருடியில், ஒரு கண்ணாடி வினாடிக்குப் பதின்மூன்று முறைக்கும் மேல் இப்படியும் அப்படியுமாக அசைந்து, தரையிலிருந்து வரும் ஒளியை வரி வரியாக எடுத்து நான்கு அலைநீளப் பட்டைகளாகப் பிரித்து எண்களாக மாற்றியது. விண்வெளியில் ஓயாமல் அசையும் ஒரு பாகத்தை நம்பலாமா என்ற ஐயம் அப்போது பலருக்கு இருந்தது. கேமராத் தொகுதி மின்கோளாறால் சில வாரங்களிலேயே நிறுத்தப்பட்டது. வருடியோ தொடர்ந்து உழைத்து, அடுத்து வந்த அரை நூற்றாண்டுக்கு நிலத்தைப் பார்க்கும் முறையையே தீர்மானித்துவிட்டது.

அந்த நான்கு பட்டைகளில் இரண்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியைச் சேர்ந்தவை. செழிப்பான இலை பச்சை ஒளியைச் சிறிதளவே திருப்பி அனுப்புகிறது. அண்மை அகச்சிவப்பிலோ தன் மேல் விழுவதில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தண்ணீர் அதற்கு நேர்மாறாக அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், அகச்சிவப்புப் படத்தில் ஆறும் ஏரியும் மை தீட்டியதுபோல் கருமையாகத் தெரியும். காடு எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்பது கண்ணால் பார்ப்பதைவிடத் தெளிவாக அங்கே பிரிந்து நிற்கிறது. ஒரே பொழுதில் படமெடுப்பதால் நிழல்களின் போக்கும் ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் ஒத்துப்போகிறது. ஆகவே இரண்டு படங்களுக்கிடையே தெரியும் வேறுபாட்டைப் பெரும்பாலும் நிலத்தின் வேறுபாடாகவே கொள்ள முடிகிறது. பெரு நாட்டில் ஓடும் உக்காயாலி ஆற்றின் அகச்சிவப்புப் படங்களை ஆண்டு வரிசைப்படி அடுக்கிப் பார்ப்பது என் நீண்ட நாள் வழக்கம். ஆற்றின் வளைவுகள் வெளிப்புறக் கரையை அரித்தும் உட்புறக் கரையில் மணலைச் சேர்த்தும் மெல்ல நகர்கின்றன. ஒரு வளைவு பெருத்துப் பெருத்து, அதன் கழுத்து குறுகி, ஒரு வெள்ளத்தில் ஆறு குறுக்கே பாய்ந்து நேர்வழி கண்டுவிடுகிறது. கைவிடப்பட்ட வளைவு குதிரைக் குளம்பு ஏரியாக எஞ்சி, பின்பு சேறும் செடியுமாகத் தூர்ந்துபோகிறது. பள்ளிப் பாடநூலில் ஒரு கோட்டுப்படமாகப் படித்த செயல் ஒரு மனித வாழ்நாளுக்குள் நடந்து முடிவதை அந்த வரிசை காட்டுகிறது.

படப்புள்ளி பெரியதாக இருந்தாலும் சில வேளைகளில் அது எதிர்பாராதவற்றைக் காட்டிக்கொடுத்தது. கனடாவின் லாப்ரடோர் கரைக்கு அப்பால் கடலில், வரைபடங்களில் இல்லாத ஒரு பாறைத் தீவை 1976-ல் லேண்ட்சாட் தரவுகளிலிருந்து கண்டறிந்தார்கள். அதன் நீளம் 45 மீட்டர், அகலம் 25 மீட்டர். ஒரு படப்புள்ளியைவிடச் சிறிய தீவு, சுற்றியுள்ள கருமையான கடல்நீரைவிட வெளிச்சமாக இருந்ததால் தன்னைக் காட்டிக்கொண்டது. அதைச் சரிபார்க்க ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்டவரை அங்கிருந்த பனிக்கரடி ஒன்று தாக்க முயன்றது என்பதும் பதிவாகியிருக்கிறது. அதற்கு லேண்ட்சாட் தீவு என்றே பெயரிட்டார்கள். 2009-ல் பிரிட்டனின் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பனியின் மேல் படிந்த செம்பழுப்பு எச்சக் கறைகளை லேண்ட்சாட் படங்களில் தேடி, பேரரசப் பெங்குவின்கள் கூடும் இடங்களில் அதுவரை அறியப்படாத பத்தைக் கண்டுபிடித்ததும் இந்த வகையைச் சேர்ந்ததே. அந்தப் படங்களை எடுத்த நாளில் பெங்குவின்களை யாரும் நினைத்திருக்கவில்லை.

மகிழ்ச்சி தராத வரிசைகளே அதிகம். ஏரல் கடல் 1960-ல் உலகின் நான்காவது பெரிய ஏரி. ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதற்கு நீர் கொண்டுவந்த ஆமு தாரியா, சிர் தாரியா ஆகிய இரண்டு ஆறுகளையும் பருத்தி வயல்களுக்குத் திருப்பும் திட்டத்தைச் சோவியத் அரசு விரிவுபடுத்தியது. லேண்ட்சாட் பார்க்கத் தொடங்கியபோது கரை ஏற்கெனவே பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதன்பின் எடுக்கப்பட்ட படங்களில் ஏரி முதலில் ஓரங்களில் வெளுக்கிறது. அடுத்து வடக்கு தெற்கு என இரண்டாக உடைகிறது. உயிரியல் ஆயுதச் சோதனைகள் நடந்த வோஸ்ரோஷ்தேனியா தீவு வளர்ந்துகொண்டே போய் 2001-ஐ ஒட்டி நிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. 2014-ல் தெற்கு ஏரியின் கிழக்குப் பகுதி முழுதும் வற்றி வெறும் உப்புத் தரையாகிறது. இடையிடையே அந்தத் தரையிலிருந்து எழும் உப்புப் புழுதி, பல நூறு கிலோமீட்டர் நீளப் புகைத்தடமாகப் படங்களில் தெரிகிறது. இந்த வரிசையில் ஒரே ஓர் இடத்தில்தான் மாற்றம் எதிர்த்திசையில் நடக்கிறது: 2005-ல் கஜகஸ்தான் உலக வங்கியின் துணையோடு கோக்-அரால் அணையைக் கட்டி முடித்த பிறகு, வடக்கு ஏரியின் நீர்மட்டம் எதிர்பார்த்ததைவிட விரைவாக உயர்ந்து, அந்தப் பக்கத்துக் கரை மீண்டும் வெளியே நகர்கிறது. ஒரு ஏரி சாவதையும் அதன் ஒரு மூலை பிழைப்பதையும் ஒரே சட்டத்துக்குள் பார்க்கும்போது, இதில் இயற்கையின் பங்கு எவ்வளவு, மனிதர் எடுத்த முடிவுகளின் பங்கு எவ்வளவு என்று யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

பார்த்ததோடு நில்லாமல் உரிய நேரத்தில் செயல்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரேசில் சான்று தருகிறது. அந்நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் லேண்ட்சாட் படங்களை வைத்து அமேசானில் ஆண்டுதோறும் அழிக்கப்படும் காட்டின் பரப்பைக் கணக்கிட்டுவருகிறது. ரோண்டோனியா மாநிலத்துப் படங்களில், நெடுஞ்சாலையிலிருந்து இரு பக்கமும் கிளைச்சாலைகள் பிரிந்து மீன் முள்ளைப்போல் காட்டுக்குள் புகுவதைக் காணலாம். 2004-ல் மட்டும் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. அந்த ஆண்டில்தான், ஆண்டுக் கணக்குக்குக் காத்திராமல், புதிதாக வெட்டப்பட்ட இடங்களைச் சில நாட்களுக்குள் கண்டு அதிகாரிகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் இன்னொரு முறையும் நடைமுறைக்கு வந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் விரிவாக்கம், கடன் கட்டுப்பாடு, களச் சோதனை ஆகியவற்றோடு சேர்ந்து அது வேலை செய்தது. 2012-ல் அழிவு 4,571 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. பின்வந்த ஆண்டுகளில் அந்த எண் மறுபடி ஏறியதற்கும் செயற்கைக்கோள் காரணமில்லை. அது எப்போதும்போல் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

இந்தப் படங்கள் எல்லாருக்கும் கிடைத்ததில்லை என்பதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். 1980-களில் லேண்ட்சாட் நிர்வாகம் தனியார் கைக்கு மாற்றப்பட்டபோது ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. பிற்பாடு அது 600 டாலராகக் குறைந்தும், ஆண்டுக்கு அதிகபட்சம் 25,000 படங்கள் அளவிலேயே விற்றன. 2008-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் முழுத் தொகுப்பையும் விலையின்றித் திறந்துவிட்டது. வெகு விரைவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் படங்கள் இறக்கிக்கொள்ளப்பட்டன. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அதனால் மாறிய கேள்விகள். விலை கொடுத்து வாங்கிய காலத்தில் ஆய்வாளர்கள் இரண்டு படங்களை எடுத்து முன்பு, பின்பு என்று ஒப்பிட்டார்கள். கட்டணம் நீங்கியதும் ஓர் இடத்தின் எல்லாப் படங்களையும் ஒன்றாகக் கோத்து, மாற்றம் எந்த ஆண்டு, எந்தப் பருவத்தில், எந்த வேகத்தில் தொடங்கியது என்று கேட்க முடிந்தது. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்களின் தரவுகள் தொடக்கத்திலிருந்தே விலையின்றி வழங்கப்பட்டதற்கு இந்த அனுபவம் முன்னுதாரணமாக இருந்தது.

வேறு நோக்கத்துக்காக எடுத்த படங்களும் இந்தக் கோவையில் வந்து சேர்ந்தன. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா ஏவிய உளவுச் செயற்கைக்கோள்கள் படச்சுருளில் படமெடுத்து, அந்தச் சுருளைப் பாராசூட் கட்டிய பெட்டியில் பூமிக்கு அனுப்பும். இறங்கும் பெட்டியை விமானம் வானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். ஏவுகணைத் தளங்களைத் தேடி எடுத்த அந்தப் படங்களில் இமயமலையின் பனியாறுகளும் இருந்தன. இரகசியம் விலக்கப்பட்ட பிறகு, 1970-களின் உளவுப் படங்களிலிருந்து பனிப்பரப்பின் உயரத்தைக் கணக்கிட்டுப் பிற்காலச் செயற்கைக்கோள் அளவீடுகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. இமயத்தின் 2,000 கிலோமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 650 பனியாறுகளை அது ஆராய்ந்தது. 1975 முதல் 2000 வரை இழந்ததைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் 2000-க்குப் பிறகு அவை பனியை இழக்கின்றன என்று கண்டது. போர் அச்சத்தில் எடுத்த படம் நீர்வளத்தின் கணக்கேடாக மாறியது.

ஒளியை நம்பும் கருவிகளுக்கு மேகமும் இரவும் தடை. ரேடார் தானே நுண்ணலைகளை அனுப்பி அவற்றின் எதிரொலியைப் பெறுவதால் இரண்டையும் கடந்துவிடுகிறது. 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவின் அனக் கிரக்கட்டாவு எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து ஆழிப்பேரலை எழுந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மலையைச் சாம்பலும் மேகமும் மூடியிருந்தன. சில மணி நேரத்தில் அதன் மேல் கடந்த சென்டினல் 1 ரேடார் செயற்கைக்கோள், எரிமலையின் தென்மேற்குச் சரிவு காணாமல் போயிருப்பதைக் காட்டியது. நிலநடுக்கமின்றி அலை எழுந்தது ஏன் என்ற குழப்பத்துக்கு அந்த ஒரு படம் விடையளித்தது. ரேடாருக்கு இன்னொரு நுட்பமான திறமையும் உண்டு. ஒரே இடத்தின் மேல் இரு வேறு நாட்களில் பெற்ற எதிரொலி அலைகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால், இடைப்பட்ட காலத்தில் தரை சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் அது வண்ணப் பட்டைகளாக வெளிப்படும். கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் பகுதியில் 1992-ல் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பின் இவ்வாறு உருவான படத்தில், முறிவுக் கோட்டைச் சுற்றித் தரை எப்படி விலகியது என்பது பட்டை பட்டையாகத் தெரிந்தது. ஒவ்வொரு பட்டையும் 28 மில்லிமீட்டர் இடப்பெயர்ச்சி. இந்த முறைக்கும், நிலநடுக்கத்துக்கு முன்பே எடுத்த ஒரு பதிவு இருந்தே ஆக வேண்டும். நிலநடுக்கத்துக்குப் பிறகு எத்தனை கருவிகளை அனுப்பினாலும் அந்த முந்தைய பதிவை உண்டாக்க முடியாது.

தரையை நேரடியாகப் பார்க்காமலே அதன் எடையை அறியும் கிரேஸ் திட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2002-ல் செலுத்தப்பட்ட இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே பாறையோ பனியோ நீரோ மிகுந்திருந்தால் ஈர்ப்பு சற்றுக் கூடி முன்செல்வதை முதலில் இழுக்கும். இருவருக்குமிடையே தூரம் நுண்ணளவில் மாறும். அந்த மாற்றத்தை மட்டும் அளந்தே, வடமேற்கு இந்தியாவில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டது என்று 2009-ல் கணக்கிட்டார்கள். எந்தப் புகைப்படத்திலும் தென்படாத இழப்பு அது. மேலே வயல்கள் பசுமையாகவே இருந்தன.

என்னை மிகவும் கலங்கவைத்த பதிவு சமோலியினுடையது. 2021 பிப்ரவரி 7 காலையில் உத்தராகண்டின் ரோண்டி சிகரத்தின் வடக்கு முகத்திலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து, 1,800 மீட்டர் கீழே பள்ளத்தாக்கில் விழுந்தன. விழுந்த வேகத்தின் வெப்பத்தில் பனி உருகிச் சேறும் கல்லும் கலந்த வெள்ளமாகி, இரண்டு நீர்மின் நிலையங்களைச் சிதைத்துச் சென்றது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 200-க்கு மேல். பனியேரி உடைந்திருக்கும் என்பதே முதலில் பரவலாக இருந்த கருத்து. அன்றைய செயற்கைக்கோள் படங்களில் அப்படிப்பட்ட ஏரி எதுவும் இல்லை, மலைமுகத்தில் புதிய தழும்புதான் இருந்தது என்று கண்ட பிறகே உண்மைக் காரணம் விளங்கியது. பிறகு ஆய்வாளர்கள் பழைய படங்களைப் பின்னோக்கிப் புரட்டினார்கள். பெயர்ந்து விழுந்த அதே பகுதியின் மேல் விளிம்பில் பிளவு ஒன்று, சரிவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே திறந்து அகன்றுகொண்டிருந்தது தெரிந்தது. படம் இருந்தது, அது சேமிக்கப்பட்டிருந்தது, யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். இமயமலையில் ஆயிரக்கணக்கான சரிவுகளில் எந்தச் சரிவின் எந்தக் கீற்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல அன்று யாரும் இல்லை. இதை எவர் மீதும் குற்றமாகச் சுமத்த நான் எழுதவில்லை. படங்களைச் சேர்க்கும் உழைப்புக்கு நிகராக அவற்றைத் தொடர்ந்து வாசிக்கும் உழைப்புக்கும் ஆளும் பணமும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாசிப்பு நன்றாக நடந்தால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைக் கிழக்குக் கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டு காட்டுகிறது. 2023 செப்டம்பர் 16 முதல் ஒன்பது நாட்களுக்கு, உலகெங்கும் உள்ள நிலநடுக்கமானிகள் ஏறத்தாழ 90 வினாடிக்கு ஒருமுறை எழுந்தடங்கும் ஒரே சீரான அதிர்வைப் பதிவுசெய்தன. எந்த நிலநடுக்கமும் அப்படி ஒலிப்பதில்லை. செயற்கைக்கோள் படங்களில் அந்தக் குறுகிய கடற்கழியின் ஓரத்தில் இருந்த மலையின் உச்சி காணாமல் போயிருந்தது. அடிவாரத்தைத் தாங்கிய பனியாறு ஆண்டாண்டாக மெலிந்து, கடைசியில் மலை சரிந்து 200 மீட்டர் உயர அலையை எழுப்பியிருந்தது. அலை ஓய்ந்த பிறகும், குறுகிய கழிக்குள் அகப்பட்ட நீர் கரைக்குக் கரை ஆடிக்கொண்டேயிருந்ததுதான் பூமி முழுவதும் உணரப்பட்ட அதிர்வுக்குக் காரணம் என்று கணினி மாதிரிகள் கூறின. சரிவு நடந்த சில நாட்களில் அங்கே சென்ற டென்மார்க் கடற்படைக் கப்பலிலிருந்தவர்களுக்குக்கூட அந்த ஆட்டம் கண்ணில் படவில்லை. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து, நீர்ப்பரப்பின் உயரத்தை அகலமான பட்டையாக அளக்கும் ஸ்வாட் என்ற செயற்கைக்கோளை ஏவியிருந்தன. அது அந்தக் கழியின் மேல் கடந்தபோது எடுத்த அளவீடுகளை ஆராய்ந்ததில், நீர்ப்பரப்பு ஒரு கரையில் உயர்ந்தும் எதிர்க்கரையில் தாழ்ந்தும் சாய்ந்திருந்தது 2025-ல் உறுதியானது.

குறைகளும் இந்தக் கோவையில் உண்டு. அவை ஆறாத குறைகள். தனியார் நிர்வாகத்தின் காலத்தில், வாங்குவோர் இருந்த இடங்களையே செயற்கைக்கோள் பெரும்பாலும் படமெடுத்தது. அதனால் 1980-களிலும் 1990-களிலும் உலகின் பல நிலப்பகுதிகளுக்கு ஆண்டுக்கணக்கில் வெற்றிடம் இருக்கிறது. 1984-ல் ஏவப்பட்டு, மூன்றாண்டு ஆயுளுக்கென வடிவமைக்கப்பட்டு, ஏறத்தாழ 29 ஆண்டுகள் உழைத்த லேண்ட்சாட் 5, அந்த இடங்களுக்கு மேலேயும் பறந்தது. அப்போது கருவியை இயக்கிப் பதிவுசெய்யக் கட்டளைதான் இல்லை. பிற நாடுகளின் தரைநிலையங்கள் அந்நாட்களில் நேரடியாகப் பெற்று வைத்திருந்த பதிவுகளைத் தேடித் திரட்டும் பணியை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2010-ல் தொடங்கி, லட்சக்கணக்கான படங்களை மீட்டது. மீதியிருக்கும் வெற்றிடங்களை இனி எந்தத் தொழில்நுட்பமும் நிரப்பாது.

அதனால்தான் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் பற்றிய செய்திகளில் 12 மீட்டர் அகல வலை ஆன்டெனாவைவிட அதன் வேலைத்திட்டம் என்னைக் கவர்ந்தது. இஸ்ரோவும் நாசாவும் தலா ஒரு ரேடாரைத் தந்து உருவாக்கிய அந்தச் செயற்கைக்கோள், யார் கேட்டார்கள் கேட்கவில்லை என்று பாராமல், பூமியின் ஏறத்தாழ எல்லா நிலத்தையும் பனியையும் 12 நாட்களுக்கு இருமுறை வருட வேண்டும் என்பதும், தரவுகள் எல்லாருக்கும் விலையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் அடிப்படை. அது சேர்க்கும் பதிவுகளில் பெரும்பகுதி, அன்றைக்கு ஒன்றுமே நிகழாத மலைச்சரிவுகளையும் வயல்களையும் ஆற்றங்கரைகளையும் பற்றியதாக இருக்கும். அவற்றையும் ஒன்று விடாமல் சேமிக்கிறார்கள்.